கறுப்பு மோலியின் குடல்

ஒரு விடுகதை. நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடப்பார். நல்ல தண்ணீரில் விட்டால் அநேகமாகக் குடிக்கவே மாட்டார். கடலில் விட்டால் குடித்துக்கொண்டே இருப்பார். யார் அவர்?

மீன் தொட்டி வைத்து அவதிப்படும் என் இனத்தாருக்கு விடை தெரிந்திருக்கும். ராசிபுரத்தில் வண்ண மீன் கடை வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் விற்பது மீன்; விளக்க வேண்டியது தண்ணீர்.

வெள்ளைத் துகள்

கடையில் ஒரு தொட்டியில் மட்டும் கடல் உப்புக் கரைத்திருக்கிறேன். அதன் அடியில் அவ்வப்போது வெள்ளையாகத் துகள்கள் கிடக்கும். பக்கத்துத் துணிக்கடை சரோஜா அக்கா, மீனுக்கு ஏதோ நோய் என்று பதறினார்.

நோயில்லை என்றேன். உப்பு நீர் மீனின் உடம்பிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட மீன் அந்த உப்பு நீரையே குடிக்கும். குடல் உப்பை உள்ளே இழுக்க, அதன் பின்னாலேயே தண்ணீரும் போகும். அதிகப்படி உப்பைச் செவுள் வெளியே தள்ளிவிடும். குடித்த நீரிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தில் கொஞ்சம் குடலிலேயே திரண்டு இப்படி வந்து விழும்.

அக்கா குனிந்து பார்த்தார். "சுண்ணாம்பா தம்பி? அப்ப ஒரு வெத்தலைக்கு ஆகுமா?"

உப்புத் தண்ணி

அந்தத் தொட்டியில் ஒரு கறுப்பு மோலி இருந்தது. நல்ல நீர், கடல் நீர் இரண்டிலும் பிழைக்கிற மீன் இனம்; விடுகதைக்கு விடை இவர்தான். ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடும் குமரேசன், மகள் தர்ஷினியோடு வந்தார். அவள் அதைத்தான் காட்டினாள். மறுநாள் காலையில் அவர் வண்டியோடு வடக்கே கிளம்புகிறார். திரும்பி வர மாதக்கணக்காகும். வீட்டுத் தொட்டியில் தன் மீன் நீந்துவதை அப்பா பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அவள் ஆசை.

"இது உப்புத் தண்ணியில இருக்குதுங்க" என்றேன்.

"அதுக்கென்னங்க, எங்க ஊட்லயும் உப்புத் தண்ணிதான். நானே போட்ட போருங்க."

நம் பக்கத்தில் குழாயில் காவிரி வந்தால் நல்ல தண்ணி, போர் நீர் வந்தால் உப்புத் தண்ணி. சோப்பு நுரைக்காது என்பதற்காக அது கடலாகிவிடாது. கடல் உப்புக்குப் பழகிய மோலிக்கு இரண்டுமே நல்ல தண்ணிதான். விளக்கியதும் அவர் சிரித்துவிட்டார்.

"ஆயிரம் அடி எறக்கியும் கடலு வரலைங்கறீங்க!"

ஒரு வாரம்

உப்புத் தொட்டியிலிருந்து நேரே போர் தண்ணீருக்குப் போனால், நீர் செவுள் வழியே மீனுக்குள் தானாகப் புகும். மீன் குடிப்பதைக் குறைக்க வேண்டும். குடல் தண்ணீர் இழுக்கும் வேலையைக் குறைத்து, தீனியிலுள்ள உப்பை விடாமல் பிடிக்கப் பழக வேண்டும். செவுளும் சிறுநீரகமும் கூடவே மாற வேண்டும். மோலியால் முடியும்; ஆனால் ஒரே நாளில் என்றால் பிழைத்தாலும் பிழைக்கும், செத்தாலும் சாகும். தினம் கொஞ்சமாக உப்பைக் குறைத்து ஒரு வாரத்தில் தருகிறேன் என்றேன்.

குமரேசன் மகளுக்கு, நல்ல தண்ணீரில் இருந்த தங்க மீன் தொட்டியைக் காட்டினார். "இதை இப்பவே கொண்டு போலாஞ் சாமி."

தர்ஷினி என்னைக் கேட்டாள்: "அடுத்த வாரம்னா மோலி பொழைச்சுக்குமுங்களா?"

"பொழைச்சுக்கும்."

"அப்பாதான் ஊர்ல இருக்காது."

மீனின் குடலுக்கு ஒரு வாரம் கேட்டு வாங்கத் தெரிந்த எனக்கு, ரிக் வண்டியிடம் ஒரு நாள்கூடக் கேட்டு வாங்கத் தெரியாது.

தர்ஷினி தங்க மீனை வாங்கிக்கொண்டு போனாள்.