விசாரிக்க வந்தவன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, நெல்லியடியில் ஒரு மருந்துக்கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வீடு பருத்தித்துறைப் பக்கம் என்பதால் தினமும் பஸ் பயணம்தான்.

ஒருநாள் தலையிடிக் குளிசை வாங்க வந்த ஒருவன் என் பெயரைக் கேட்டான். நான் சொல்லவில்லை. மறுநாள் பஸ் தரிப்பிடத்தில் நின்றான். பிறகு பஸ்ஸுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வரத் தொடங்கினான். முந்திய பஸ்ஸுக்கு மாறினேன், இரண்டு நாளில் அங்கேயும் நின்றான். வழக்கமான பாதையை விட்டு வேறு ஒழுங்கையால் நடந்தால் அதன் முகப்பில் நின்றான். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் எனக்கு முன்பே அங்கே இருந்தான். இவனுக்கு எப்படித் தெரிகிறது? நித்திரை போய்விட்டது. தெருவில் எந்த மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலும் யன்னலுக்கு ஓடினேன்.

வீட்டில் சொன்னேன். “நீ அவனைப் பார்த்துச் சிரிச்சனியோ?” என்றார் அம்மா. “வேலையை விட்டிட்டு வீட்டில இரு” என்றார் அப்பா. அவன் ரோட்டில் சுதந்திரமாகத் திரிய, நான் வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டுமாம்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அடுத்த நாள் எங்கள் ஒழுங்கையில் பலசரக்குக்கடை வைத்திருக்கும் அக்கா சிரித்த முகத்தோடு என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, உமக்குச் சம்பந்தம் வரப்போகுது போல. ஒரு தம்பி ரெண்டு மூண்டு தரம் விசாரிச்சவர். நான் நல்லாத்தான் சொன்னனான்.”

எங்கள் பக்கத்தில் கல்யாணம் பேசுவதற்கு முன்பு பெண்ணைப் பற்றி அயலில் விசாரிப்பது வழக்கம். ஒரு பிள்ளையின் வாழ்க்கை நம் வாயால் கெடக்கூடாது என்று சனம் வாய் நிறையச் சொல்லும். எந்த பஸ், எந்தக் கோயில், எந்த ஒழுங்கை, எல்லாவற்றையும் அயலவர்கள் பாசத்தோடு அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். பஸ் மாறியதைக்கூட!

அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். நடந்ததைச் சொன்னதும் அக்காவின் முகம் வெளிறிப்போனது. ஆனால் அவர் என்னிடம் ஒரு குறுக்குக் கேள்வியும் கேட்கவில்லை.

“இப்ப நான் என்ன செய்யவேணும் எண்டு நீர் சொல்லும்.”

“எனக்கு வேலைக்குப் போகவேணும், அக்கா. அவ்வளவுதான்.”

உடனே கடையைப் பூட்டினார். வீடு வீடாகப் போய், “ஆர் வந்து கேட்டாலும் இந்தப் பிள்ளையைப் பற்றி ஒண்டும் கதைக்காதையுங்கோ” என்று சொன்னார். அடுத்த நாள் என்னோடு பொலிசுக்கும் வந்து, அவன் தன்னிடம் கேட்டதையெல்லாம் தானே சொன்னார். அங்கிருந்தவர், “காதல் பிரச்சினையோ?” என்று இழுத்தார்.

“காதல் எண்டால் இந்தப் பிள்ளைக்கு ஏன் ஐயா கை நடுங்குது?” என்று அக்கா கேட்டார். அதற்குப் பிறகுதான் முறைப்பாட்டை எழுதினார்கள்.

அவனைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள். தரிப்பிடத்துக்கு வருவதை நிறுத்தினான். ஆனாலும் கனகாலம் அக்கா காலையில் என்னோடு வந்து, நான் பஸ் ஏறும்வரை நின்றார். அப்பா இதைப் பார்த்துவிட்டு, வேலையை விடு என்று சொல்வதை விட்டுவிட்டார்.

இன்றும் அதே வேலைக்குத்தான் போகிறேன். பயம் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வேகத்தைக் குறைத்தால் இன்னும் ஓரமாக ஒதுங்கித் திரும்பிப் பார்ப்பேன். ஊரே என்னை நல்ல பிள்ளை என்று சொன்ன நாட்களில் நான் தனியாகத்தான் நின்றேன்; எனக்கு என்ன வேண்டும் என்று ஒருவர் கேட்ட நாளில்தான் எனக்குத் துணை கிடைத்தது.