குரங்குக் குல்லா போட்ட சந்தேக நபர்

வெள்ளைக்காரப் போலீஸைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய நாள் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. வந்து தொலைத்தது.

என் பிழைப்பு அப்படி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ்காரர்கள் ஆண்ட ஒரு கரும்புத் தோட்டத் தீவில், போலீஸ் இலாகா வாரந்தோறும் ஓர் அறிவிப்புத் தாள் அச்சடித்திருக்கிறது. எந்தத் தோட்டத்திலிருந்து எந்தக் கூலி ஓடிப்போனான், யாருடைய கோவேறு கழுதை காணாமல் போனது, எந்தக் கரையில் எந்தப் பிணம் ஒதுங்கியது, எல்லாம் அதில் வரும். அந்தப் பழைய தாள்களைக் கம்ப்யூட்டர் படிக்கும். அது உளறிக் கொட்டியதை டெக்சஸ் மாகாணத்துச் சுகர் லேண்டில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து நான் திருத்துவேன். அதற்குச் சம்பளம்.

ஓடிப்போனவர்களில் பாதிப் பேர் நம் ஆட்கள். வெள்ளைக்காரன் பெயரைக் கடித்துத் துப்பி வைத்திருப்பான். ஆனால் உடம்பை விடமாட்டான். உயரம் என்ன, எவ்வளவு கறுப்பு, அம்மைத் தழும்பு எந்தக் கன்னத்தில், காது குத்தியிருக்கிறதா, எல்லாம் இருக்கும். சில பேருக்கு முறைத்த பார்வை என்றுகூட ஓர் அடையாளம் எழுதியிருப்பான். அடேய், மாடு மாதிரி வேலை வாங்கிவிட்டுப் பட்டினியும் போட்டால் முறைக்காமல் உன்னைப் பார்த்துச் சிரிப்பானா? ஏன் ஓடினான் என்று மட்டும் எந்தத் தாளிலும் ஒரு வரி இருக்காது. திரையைப் பார்த்துத் திட்டிக்கொண்டேதான் வேலை செய்வேன். கீழே சமையலறை வரை கேட்கும் என்பார் என் கணவர்.

போன வருஷம் மாமியார் தவறிப்போனதும் மாமாவை, அதாவது என் மாமனாரை, கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து இங்கே அழைத்து வந்தோம். அங்கே கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். கடையும் இல்லை, மாமியாரும் இல்லை, அத்தனை பெரிய வீட்டில் தனியாக என்ன செய்வார்? இனி எங்களோடேயே இருந்துவிட வேண்டும் என்று என் கணவருக்கு ஆசை. எனக்கும்தான். மருமகள் வாயிலிருந்து இது வந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். வீட்டில் என்னோடு உட்கார்ந்து காபி குடிக்க ஒரு மனுஷர் கிடைத்தார், அதுவே பெரிய விஷயம்.

அவருக்கு இருந்த ஒரே வேலை, காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு பூப் பறிக்கக் கிளம்புவது. சாமிக்குக் கொஞ்சம், மாமியார் படத்துக்குக் கொஞ்சம். இந்தியன் கடையில் பிளாஸ்டிக் டப்பாவில் விற்கிற மல்லிகையை நான் வாங்கி வந்தால், முகர்ந்து பார்த்துவிட்டு மரியாதையாக ஓரமாக வைத்துவிடுவார். சாமிக்குப் பறிக்கிற பூ திருட்டில் சேராது. இது நம் ஊரில் எந்தச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேலியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிற கிளை பொதுச் சொத்து, முதலில் எழுந்தவருக்குப் பூ. இங்கே வந்து பார்த்தார், வீட்டு முன்னால் ஒருத்தரும் வேலியே போடவில்லை. செம்பருத்தியும் அரளியும் நடைபாதை வரைக்கும் வழிந்துகொண்டு நிற்கின்றன.

"கேட்டுட்டுதான் பறிக்கணும் மாமா, இந்த ஊர்ல அப்படித்தான்" என்றேன்.

"வேலி போடலீன்னா பறிச்சுக்கோன்னுதான அம்மிணி அர்த்தம்? சாமிக்குன்னா ஆரு வேண்டாங்கறாங்க?" என்றார். ஒரு செடிக்கு ஒரு பூவுக்கு மேல் தொடமாட்டார், அது வேறு விஷயம்.

ஜனவரிக் குளிர் வந்தது. டெக்சஸில் குளிரா என்று சிரிப்பவர்கள் விடிகாலையில் வேட்டி கட்டிக்கொண்டு வெளியே நின்று பார்க்கட்டும். மாமா பெட்டியிலிருந்து குரங்குக் குல்லாவை எடுத்தார். கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும்படி மாட்டிக்கொண்டு, கையில் பிளாஸ்டிக் பையோடு புறப்பட்டார்.

எங்கள் குடியிருப்புக்கு ஃபோனில் ஒரு பாதுகாப்பு குரூப் உண்டு. அதன் அட்மின் மாம்பலத்துக்காரர். எனர்ஜி கம்பெனியில் பெரிய பதவி. அதைவிடப் பெரிய பதவி இந்த அட்மின் பதவி என்பது அவர் நினைப்பு. குப்பைத் தொட்டியை ஒரு நாள் தாமதமாக உள்ளே எடுத்தால் அதைப் படம் பிடித்துப் போடுவார். அவர் வீட்டு அழைப்பு மணியில் ஒரு கேமரா. அந்தக் கேமராவில் மாமா விழுந்தார்.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மகள்தான் ஃபோனை நீட்டினாள். "அம்மா, இஸ் திஸ் தாத்தா?"

படத்துக்குக் கீழே அட்மின் இங்கிலீஷில் எழுதியிருந்தார். சந்தேகத்துக்குரிய ஆண், முகமூடி அணிந்தவர், தெற்காசியராக இருக்கலாம், இடுப்பில் வெள்ளைத் துணி, கையில் பை, வீடுகளை நோட்டம் விடுகிறார், கதவுகளைப் பூட்டி வையுங்கள், போலீஸுக்கும் தகவல் கொடுத்தாயிற்று.

இடுப்பில் வெள்ளைத் துணியாம்! அந்தத் தீவில் இருந்த இங்கிலீஷ் இன்ஸ்பெக்டருக்குக்கூட வேட்டிக்குப் பெயர் தெரிந்திருந்தது. மாம்பலத்தில் பிறந்து வளர்ந்த இவருக்குத் தெரியவில்லை. முகமூடியாம்! இவருடைய அப்பா மார்கழி மாதம் எதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனாராம்? இத்தனைக்கும் அதற்கு முந்தின வாரம்தான் பொங்கல் விழாவில் பெரியவர்களுக்கு மரியாதை செய்கிறேன் என்று மேடையேறி, மாமாவுக்குப் பொன்னாடை போர்த்தி, காலில் விழுந்து, அதையும் படமெடுத்து இதே குரூப்பில் போட்டிருந்தார். குனிந்தபோது காலைத்தான் பார்த்திருப்பார் போல.

கீழே வரிசையாகப் பின்னூட்டம். எங்களைப் பாதுகாப்பதற்கு நன்றி என்று பாதிப் பேர், துப்பாக்கி வைத்திருக்கிறேன் என்று ஒருத்தர். நன்றி சொன்னவர்களில் தமிழர்களே அதிகம். அத்தனை பேரும் தங்கள் அப்பாவுக்கு விசா எடுத்து, பெட்டியில் ஒரு குரங்குக் குல்லாவும் வைத்துக்கொண்டு வரச் சொன்னவர்கள்தான்.

அன்று மத்தியானமே போலீஸ்காரர் வந்தார். சின்ன வயது, நல்ல பையன். யாரோ அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். மாமா அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு, பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி கூடத்தில் வந்து நின்றார். நான் பூஜை அறையைக் காட்டினேன், செம்பருத்தியைக் காட்டினேன், குல்லாவைக் காட்டினேன். போலீஸ்காரர் சிரித்துவிட்டு, அடுத்த தடவை கேட்டுப் பறிக்கச் சொல்லிவிட்டு, மாமாவை சார் என்று கூப்பிட்டுக் கை கொடுத்துவிட்டுப் போனார். நிஜப் போலீஸ் முடித்த விவகாரத்தைப் பொய்ப் போலீஸ் முடிக்கவில்லை.

"என்னையத் திருடன்னு போட்டுட்டாங்களா அம்மிணி?" என்று மாமா கேட்டார். நாற்பது வருஷம் கடையில் உட்கார்ந்து, வந்து போகிறவர்களைப் பார்த்து அவர் மனதுக்குள் நினைத்த வார்த்தை அது. அவரைப் பார்த்து ஒருத்தரும் சொன்னதில்லை.

அதற்கப்புறம் வாசலைத் தாண்டவில்லை. சாமி படத்துக்கு வெறும் விபூதிதான். மாமியார் படத்துக்கு அதுவும் இல்லை. சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தார், ஊருக்குப் போய்விடட்டுமா என்று. அந்தப் படம் குரூப்பில் இருக்கிற வரைக்கும் அவர் இங்கே இருக்கமாட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

என் கணவருக்குப் புரியவில்லை. "விடேன், ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க. அவர்கூட எதுக்கு வம்பு?" என்றார். அப்பாவைத் திருடன் என்று எழுதியிருக்கிறான், இவருக்கு வம்பு வேண்டாமாம். நல்ல பிள்ளை.

நானே போனேன். அட்மின் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார்.

"ஐயோ, அது உங்க மாமனாரா? சாரிங்க, நெஜமாவே தெரியல" என்றார்.

"சரி, தெரியாமதான் போட்டீங்க. இப்ப தெரிஞ்சுடுச்சுல்ல? எடுத்துடுங்க."

"இல்லங்க, டெலீட் பண்ணக்கூடாது, அது பாலிசி. எதை மறைக்கறோம்னு கேப்பாங்க. வேணும்னா ரிசால்வ்டுன்னு மார்க் பண்றேன்."

"ரிசால்வ்டுன்னா புடிச்சுட்டாங்கன்னுதானே படிப்பாங்க?"

"நீங்க ரொம்ப எமோஷனலா எடுத்துக்கறீங்க" என்றார்.

அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது, வெள்ளைக்காரனுக்கு நான் கொடுத்த நற்சான்றிதழ். அந்தத் தீவின் தாள்களில் கடைசிப் பக்கத்தில் ரத்து அறிவிப்பு என்று ஒரு பகுதி உண்டு. முன்பு அறிவித்த இன்னார் ஓடிப்போகவில்லை, காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார், இனி அவரைத் தேட வேண்டாம் என்று போட்டிருப்பான். பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், முதலில் போட்டது எல்லாம் மறுபடியும் இருக்கும். அன்பினால் இல்லை. தப்பான ஆளைத் தேடிக் கான்ஸ்டபிளின் கால் தேயக்கூடாதே என்ற கவலை. இருந்துவிட்டுப் போகட்டும், போட்டானா இல்லையா? கூலிக்காரனை மனுஷனாகவே மதிக்காதவன் போட்டான். பொன்னாடை போர்த்திய உங்களுக்கு வலிக்கிறதா என்று கேட்டேன். தெருவில் நாயை நடத்திக்கொண்டு போன அம்மாள் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

கத்தலுக்குப் பயந்து ஒன்று எழுதிப் போட்டார். அந்த நபர் அடையாளம் காணப்பட்டார், ஒரு குடியிருப்பாளரின் விருந்தாளி, உங்கள் விருந்தாளிகளுக்கு நம் குடியிருப்பின் ஒழுங்குமுறைகளைச் சொல்லிக் கொடுங்கள் என்று. இதற்கு அந்த மனுஷர் சும்மாவே இருந்திருக்கலாம்.

மாமாவுக்குப் படித்துச் சொன்னேன். ஃபோனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"எம்பேரு போடலியா?"

"போடல மாமா."

"திருடன்னு சொல்றப்ப படம் போட்டாங்க. இல்லேன்னு சொல்றப்ப படத்தக் காணமே." ஃபோனை மேஜை மேல் வைத்தார். "சரி, நாமளே போயிச் சொல்லிப்போட்டு வந்தர்லாமா அம்மிணி? பூப் பறிச்ச வீட்டுக்கெல்லாம்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டேன். பட்டுக்கரை வேட்டி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வழித்துச் சீவிய தலை. பகல் வெளிச்சத்தில், தெருவோடு தெருவாகப் போனோம். அவர் மணியை அழுத்துவார். கேமராவுக்கு நேராக நிமிர்ந்து நின்று கும்பிடுவார். தன் பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் சொல்லி, "உங்க செடியில சாமிக்குப் பூப் பறிச்சது நாந்தானுங்க. கேக்காமப் பறிச்சதுக்கு மன்னிச்சுக்கோணும்" என்பார். நான் அதை இங்கிலீஷில் சொல்வேன்.

ஒரு கதவும் திறக்கவில்லை. கார்கள் வாசலிலேயே நிற்கின்றன, உள்ளே டி.வி. பேசுகிறது, மிக்ஸி ஓடுகிறது, சாம்பார் கொதிக்கிற வாசனை தெருவுக்கு வருகிறது. திறக்கவில்லை. ஒரு வீட்டில் மணிப் பெட்டியிலிருந்து பதிவு செய்த ஒரு பெண் குரல், இப்போது வர இயலாது, பார்சலை வாசலில் வையுங்கள் என்றது. மாமா அதற்கும் முழுசாகச் சொல்லிக் கும்பிட்டார். அட்மின் வீட்டில் மட்டும் ஜன்னல் திரை லேசாக அசைந்தது. அங்கேயும் அதே மாதிரி, ஒரு வார்த்தை குறையாமல் சொன்னார்.

வீட்டுக்கு வந்து நான் காபி கலந்துகொண்டிருந்தபோது ஃபோன் கூவிற்று. அடுத்த தெருவிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்மணி புதிதாக ஒன்று போட்டிருந்தார். இரண்டு பேர் வீடு வீடாக வந்து மணி அடிக்கிறார்கள், ஒரு வயதான ஆண், ஒரு பெண், வசூலோ மோசடியோ தெரியவில்லை, கதவைத் திறக்காதீர்கள் என்று. கீழே படம். மாமா கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார், பக்கத்தில் நான். முதல் ஆளாக நன்றி சொல்லியிருந்தவர் அட்மின்.

ஃபோனைக் கவிழ்த்து வைப்பதற்குள் மாமா பார்த்துவிட்டார். கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நிதானமாகப் பார்த்தார். அவர் படத்தை இல்லை, என் படத்தை.

"எங்கூட வந்து நின்னதுக்கு உன்னையும் போட்டுட்டாங்களே அம்மிணி" என்றார். பிறகு ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். "பையங்கிட்டச் சொல்லி டிக்கெட் போட்டுரச் சொல்லு."