முத்துக்குமரன் வீட்டுக் கூடத்தின் நிறம்

போடி பஜாரில் விஜய்ராஜின் பெயிண்ட் கடைக்கு வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் நிறம் கேட்க மாட்டார்கள். முதலில் வீட்டைச் சொல்லுவார்கள். "அண்ணே, மாடியில ஒரு ரூம்பு எடுத்துருக்கேன், மேக்க பாத்த சன்னலு" என்று ஆரம்பிப்பார்கள். அவரும் டப்பாவைத் தொடாமல், "சாயங்காலம் எம்புட்டு நேரம் லைட்டு போடாம அங்கன இருக்கலாம்?" என்று கேட்பார். மேற்கே மலை சுவர் மாதிரி நிற்கிற ஊர் அது. மற்ற ஊர்களில் வெயில் காய்கிற நேரத்தில் இங்கே நிழல் விழுந்துவிடும். சுவருக்கு நிறம் சொல்வதற்கு முன்னால் சூரியன் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்தாக வேண்டும் என்பது அவருடைய கட்சி.

அவருடைய மனைவி சொர்ணலதா தேனியில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். கல்யாணமான புதிதில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவள், வாடிக்கையாளர்கள் கூப்பிட்டார்கள் என்று ஒன்றிரண்டு வீடுகளுக்குப் போய்வந்தாள். கட்டிலை எந்தப் பக்கம் போடுவது, அலமாரியை எங்கே ஒளிப்பது, திரைச்சீலை தரையைத் தொடலாமா கூடாதா என்று அவள் சொன்னதெல்லாம் சரியாக அமைந்தது. பேர் பரவி, கடை போர்டில் பெயிண்டுக்குக் கீழே 'இன்டீரியர்' என்று ஒரு வரி சேர்ந்தது.

இரண்டு பேரும் சேர்ந்தே போவார்கள். ஏலக்காய் வியாபாரி ஒருவர் மலையாளத்து வீடுபோல வேண்டுமென்றார். மரத்தால் மச்சு போட்டு, பித்தளை விளக்கைத் தாழத் தொங்கவிட்டு, சுவரை மட்டும் வெறும் வெள்ளையாக விட்டார்கள். உத்தமபாளையத்தில் ஒரு ராவுத்தர் வீட்டில் தொழுகை அறைக்கு எந்தப் பூவேலையும் வேண்டாமென்று, கண்ணை உறுத்தாத பச்சை அடித்தார்கள். தேனியில் ஒரு டாக்டர் தம்பதிக்குக் கைப்பிடிகூடத் தெரியாத அலமாரிகள். ஒவ்வொரு வீட்டிலும் சண்டை வரும். அவள் ஒன்றைச் சேர்ப்பாள், அவர் ஒன்றை எடுக்கச் சொல்வார். "நீ வீட்ட கடை மாதிரி ஆக்குற" என்பார். "உங்கள விட்டா நாலு சுவரோட நிறுத்திருவீக" என்பாள். எப்படியோ ஒரு வீடு உருவாகிவிடும்.

விஜய்ராஜுக்குச் சர்க்கரை இருந்தது. மாத்திரையை நினைத்தால் போடுவார். ஒருநாள் கடையில் உட்கார்ந்தபடியே, "லதா, கண்ணுக்குள்ள மசி சொட்டுன மாதிரி இருக்கு" என்றார். மதுரையில் காட்டினார்கள். லேசர் வைத்தார்கள், கண்ணுக்குள் ஊசி போட்டார்கள், ஒரு கண்ணில் அறுவை சிகிச்சையும் நடந்தது. முன்னமே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். இடது கண் முதலில் போனது. அடுத்த மழைக்காலம் வருவதற்குள் வலது கண்ணும் போய்விட்டது. ஜன்னல் இருக்கும் திசை மட்டும் சாம்பலாகத் தெரிகிறது என்றார். பிறகு அதையும் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

அவளுக்குத் தெரிந்த ஒரே காரியத்தை அவள் செய்தாள். வீட்டை மாற்றினாள். கண்ணாடி டீப்பாயை வெளியே அனுப்பினாள். படுக்கையறையிலிருந்து குளியலறைவரை சுவரில் பிடிகம்பி அடித்தாள். மேசை முனைகளுக்கெல்லாம் ரப்பர் ஒட்டினாள். அன்று சாயங்காலம் விஜய்ராஜ் கம்பியைத் தடவிக்கொண்டே போய், பாதியில் நின்றார்.

"இது என்ன?"

"பிடிச்சு நடக்கத்தாங்க."

"ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி இருக்கு. கழட்டிரு." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எனக்குள்ள இந்த வீடு அப்படியே இருக்கு லதா. நீ ஒண்ணொண்ணா மாத்துனா அதுவும் இல்லாமப் போயிரும்."

எல்லாவற்றையும் திரும்பப் பழையபடி வைத்தாள். அவர் டீப்பாயில் முழங்காலை இடித்துக்கொள்ளும்போதெல்லாம் அடுப்படியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஓடிப்போய்ப் பிடித்தால் கையை உதறினார். பிடிக்காமல் நின்றால் அவளுக்கே நெஞ்சு தாங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் கம்பத்திலிருந்து முத்துக்குமரனும் பவானியும் வந்தார்கள். திராட்சைத் தோட்டக்காரர்கள். சுருளிப்பட்டி ரோட்டில் அவர்கள் வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டியபோதே விஜய்ராஜ் போய் நின்று, சன்னல்களுக்கு இடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். இப்போது பூச்சு முடிந்திருந்தது.

"அண்ணே, நீங்க வந்து சொன்னாத்தான் பெயிண்ட் அடிப்போம்னு இவக ஒத்தக் கால்ல நிக்கிறாக" என்றாள் பவானி, கணவனைக் காட்டி. சொன்ன பிறகுதான் அவர் கண் நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். விஜய்ராஜுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வர்றேன் தாயி" என்றார்.

கம்பத்தில் அந்தக் கூடத்தின் நடுவில் நின்று காற்றை முகர்ந்தார். சுவரைத் தடவினார். கிழக்குச் சன்னல் எங்கே என்று கேட்டுப் போய், கட்டையில் கையை வைத்து நின்றார். அவர் கடைசியாகப் பார்த்தபோது அந்தப் பக்கம் முழுக்கத் திராட்சைப் பந்தல். இப்போது பக்கத்து இடத்துக்காரர் வாழைக்காய் குடோன் கட்டியிருந்தார். தகரச் சுவர் சன்னலை மறித்துக்கொண்டு நின்றது.

"கிழக்க குடோன் வந்துருச்சுங்க" என்றாள் சொர்ணலதா.

"அது தெரியுது. சத்தமே மாறியிருக்கு. வெளிச்சம் மேல வழியா இறங்கிரும்" என்றவர், முத்துக்குமரன் இருந்த பக்கம் திரும்பினார். "செங்கல் நிறம் அடிங்க தம்பி. காலையில அப்படியே தகதகன்னு இருக்கும்."

நல்ல வெளிச்சம் வரும் கூடத்துக்கு அதைவிடப் பொருத்தமான நிறம் இல்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனால் இந்தக் கூடத்தில் பகலிலேயே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அங்கேயே அவரிடம் சொல்லியிருக்கலாம். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் நிமிர்ந்து நின்று பேசுகிறார். அவள் வாயைத் திறக்கவில்லை.

பெயிண்டர் ஒச்சாண்டி ஒரு சுவர் மட்டும் அடித்துக் காட்டினான். மறுநாள் அவள் தனியாகப் போய்ப் பார்த்தாள். காய்ந்த ரத்தம்போல இருந்தது சுவர். கூடமே சுருங்கிப்போன மாதிரி தெரிந்தது.

பவானி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, தப்பா நினைக்காதீக. எனக்கு உள்ள வரவே பயமா இருக்கு. அண்ணே மனசு நோகக் கூடாது, அதுவும் நெசந்தான். ஆனா நாங்க காலம் பூரா இருக்கப்போற வீடுக்கா."

"இத நான் எப்படி அவர்ட்டப் போய்ச் சொல்ல, பவானி?"

"நீங்க சொல்ல வேணாம். நானும் சொல்லல."

சந்தனத்தில் பால் கலந்ததுபோல ஒரு வெளிர் நிறத்தை ஒச்சாண்டியிடம் காட்டிவிட்டு, சொர்ணலதா பஸ் ஏறினாள். வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்றே நினைத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் நுழைந்ததும் அவர் கேட்டார்: "சுவரு எப்படி வந்துருக்கு?"

"நல்லா வந்துருக்குங்க."

அதற்கப்புறம் தினமும் கேட்டார். காலையில் பார்த்தாயா, சாயங்காலம் பார்த்தாயா, மூலையில் இருட்டு நிற்கிறதா என்று. அவளும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். இல்லாத ஒரு செங்கல் நிறக் கூடத்தை அவருக்குக் கொஞ்சங்கொஞ்சமாகக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் மனசுக்குள் அது அழகாக எழும்பியது. சாப்பாடு கொஞ்சம் கூடியது, மாத்திரையை அவராகவே கேட்டு வாங்கினார். அதனால் இன்னும் சொல்ல முடியாமல் போனது.

புதுவீடு புகுந்த அன்று முத்துக்குமரன் அவருக்கு வேட்டி, துண்டு வைத்துக் கொடுத்தான். கூடத்தில் நல்ல நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முத்துக்குமரனின் மாமன் அய்யாத்துரை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

"நீங்கதான் பெயிண்டு சொன்னவுகளா? என்னமா இருக்கு போங்க. சந்தனத்த அரைச்சுப் பூசுனாப்புல. குடோன் மறைச்சும் கூடம் பளிச்சுன்னு இருக்கே!"

சாம்பார் வாளியோடு வந்த பவானி அப்படியே நின்றுவிட்டாள். சொர்ணலதா விஜய்ராஜின் முகத்தைப் பார்த்தாள். அவர் சிரித்தபடியே இருந்தார். "சந்தோசமுங்க" என்றார் அய்யாத்துரையிடம். இலையில் வைத்ததையெல்லாம் சாப்பிட்டார். பவானியைக் கூப்பிட்டு, "நல்லா இரு தாயி" என்று தலையைத் தொட்டு வாழ்த்தினார்.

திரும்பி வரும்போது கார் சின்னமனூரைத் தாண்டியது. பிறகு கேட்டார்.

"நான் சொன்னத அடிச்சிருந்தா?"

அவளுக்குப் பொய் வரவில்லை. "இருட்டா இருந்துச்சுங்க. அடிச்சுப் பாத்தோம்."

"ம்." ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்றில் முகத்தைக் காட்டினார். "நீ செஞ்சது சரிதான். நானா இருந்தாலும் மாத்தியிருப்பேன்."

"உங்கள்ட்ட மறைச்சது..."

"அத விடு."

கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. அன்றிலிருந்து எந்தச் சுவரைப் பற்றியும் கேட்கவில்லை. கடைக்கு ஆள் போட்டாயிற்று. வாடிக்கையாளர்கள் தேடி வந்து, "அண்ணே, மேக்க பாத்த சன்னலு" என்று ஆரம்பித்தால், "லதாட்டக் கேளுங்க, அவதான் இப்பப் பாக்குறா" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விடுகிறார். அவள் கெஞ்சிப் பார்த்தாள், சண்டையும் போட்டுப் பார்த்தாள். வேண்டுமென்றே ஒரு திரைச்சீலையைத் தப்பாகச் சொல்லி அவரை வம்புக்கு இழுத்தாள். "உனக்குப் பிடிச்சதப் போடு" என்றார்.

போன வாரம் ஜெயமங்கலத்தில் ஒரு புதுவீடு. பெரிய கூடம், தெற்கே பார்த்த இரண்டு சன்னல், வயலைத் தொட்டு வரும் வெளிச்சம். அந்த வீட்டுப் பெண் பாண்டீஸ்வரி ஆசையாகக் கேட்டாள்: "இங்கன என்ன கலரு அடிக்கலாம்க்கா?" சொர்ணலதாவுக்கு உடனே ஒரு நிறம் தோன்றியது. வேண்டாம் என்று மறுக்க ஆள் இல்லாமல், அது சரியா என்று அவளுக்கே தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

அவள் போடிக்கு வந்து சேர்ந்தபோது மலைக்குப் பின்னால் வெயில் போயிருந்தது. வீட்டுக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. விஜய்ராஜ் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவள் சுவிட்சைப் போட்டாள்.

"வந்துட்டியா?" என்றார்.

"வந்துட்டேங்க."

தெற்கு வெளிச்சத்தைப் பற்றி, அந்த இரண்டு சன்னலைப் பற்றி, வயலைப் பற்றி அவருக்குச் சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. அவர் கேட்பார் என்று கொஞ்சநேரம் நின்று பார்த்தாள். பிறகு காப்பி போடப் போனாள்.