தெருக்குத்து வாசல்

கடலூரில் எங்கள் என்ஜினீயர் ஆபீசில் ஹேமசபேசன் போடும் பிளான்களை டிரேஸ் எடுப்பது என் வேலை. பத்து வருஷத்துக்கு மேல் அவர் கோடுகளின் மேலேயே என் பேனா போயிருக்கிறது. அதனால் அவரைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. வேறு யாரும் பேசப்போவதுமில்லை. காடாம்புலியூரில் பள்ளிக்கூடம், சேத்தியாத்தோப்பில் சந்தைக் கொட்டகை என்று அவர் போட்டதெல்லாம் நிற்கிறது. கல்வெட்டில் திறந்து வைத்தவர் பேர் இருக்கும், கான்ட்ராக்டர் பேர்கூட இருக்கும். இவர் பேர் ஒன்றிலும் கிடையாது. மாலை மரியாதையெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, தனியாக உள்ளே போய் ஜன்னல்களைத் திறந்து சாத்திப் பார்த்துவிட்டு பஸ் ஏறுவார்.

சிதம்பரத்துக்காரர். பம்பாயில் படித்து ஆர்க்கிடெக்ட் ஆனவர். அந்த வார்த்தை வாயில் நுழையாமல், செம்மண்டலத்தில் அவர் குடியிருந்த வீட்டுக்காரர் கடைசிவரை ‘ஓவர்சியர்’ என்றே கூப்பிட்டார். இவரும் திருத்தவில்லை.

1939இல் அவர் மனைவி பாலாம்பாள் தலைப்பிரசவத்துக்குச் சேத்தியாத்தோப்பில் தாய்வீட்டுக்குப் போயிருந்தார். வலி கண்டு வெகுநேரமாகியும் பிள்ளை பிறக்கவில்லை. மாட்டுவண்டியில் ஏற்றிச் சிதம்பரம் கொண்டுவந்தார்கள். வண்டிக்காரன் ஆஸ்பத்திரியை அதுவரை பார்த்ததில்லை. ஏதோ ஒரு சர்க்கார் கச்சேரி வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். எல்லாம் ஒரே சிவப்புச் சுவர், ஒரே தாழ்வாரம். அவன் என்ன செய்வான்? வண்டியைத் திருப்பிச் சந்து சந்தாக விசாரித்துப் போவதற்குள் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்து ஆபீசுக்கு வந்தவர் நெற்றியில் வழக்கமான திருநீறு இல்லை. அதன்பிறகு பல வருஷம் அதை நான் பார்க்கவில்லை. பாலாம்பாளைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தரம்தான் பேசினார். “எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி இருக்குது அந்தோணிசாமி. நாம போட்டதுதான்.”

யுத்தம் நடக்கும்போது சிதம்பரத்துக்குப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று வந்தது. இவர் மன்றாடி அந்த வேலையை வாங்கிக்கொண்டார். ஊர் ஓரத்தில், நேராகப் போய் முடிகிற ஒரு நீண்ட ரோட்டின் கோடியில் இடம் பிடித்தார். ரோட்டின் நடுவும் வாசலின் நடுவும் ஒரே கோட்டில். வாசலுக்கு மேலே உயரமாக ஒரு விளக்கு. ரோட்டின் மறுகோடி மேட்டில் திரும்புகிற வண்டிக்கு முதலில் தெரிவது அந்த வாசலாகத்தான் இருக்க வேண்டும் என்றார்.

டிரேஸ் எடுக்கும்போதே சொன்னேன், சார், இது தெருக்குத்து என்று. தெரு நேராக வந்து வாசலில் முட்டினால் உள்ளே இருக்கிறவர்களுக்கு ஆகாது. நான் வேதக்காரன்தான், ஆனாலும் என் சித்தப்பா தெருக்குத்து வீட்டுக்கு முன்னால் சிலுவை நட்டுவிட்டுத்தான் குடிபோனார். ஹேமசபேசனுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். இதற்கு ஆக்ஸிஸ் என்று பேர், பெரிய பட்டணங்களில் பெரிய கட்டடங்கள் இப்படித்தான் நிற்கின்றன என்று பாடம் எடுத்தார். சிதம்பரத்தில் பிறந்த மனுஷனுக்குத் தெருக்குத்து தெரியாதா? பம்பாயில் தொலைத்துவிட்டு வந்திருந்தார்.

சிமெண்டு கிடைக்காமல் சுண்ணாம்பை அரைத்து இழுத்து இழுத்துக் கட்டி, 1946இல் திறந்தார்கள். நர்சுகள் வந்தார்கள், கட்டில்கள் வந்தன, பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியும் வரவில்லை. கேட்டுவரை வந்து, திரும்பி ரோட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இப்படியே போனால் கட்டடத்தில் ரேஷன் அரிசி மூட்டை அடுக்கிக்கொள்ளலாம் என்று மேலே பேச்சு கிளம்பியது. ஹேமசபேசன் ஞாயிறு தவறாமல் சிதம்பரம் போய், காலிக் கட்டில்களைப் பார்த்துவிட்டு வந்தார். சோறு இறங்காமல் ஆளே பாதியாகிவிட்டார்.

ஒரு ஞாயிறு நானும் கூடப் போனேன். ரோட்டோரத்தில் செல்லாயி சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டடத்துக்கே சாந்துக்கூடை சுமந்த சித்தாள், இப்போது நிறைமாசம். நீயாவது உள்ளே வரக்கூடாதா என்று வாய்விட்டுக் கேட்டார் ஹேமசபேசன். குடிசையிலேயே பெற்றுக்கொள்வதாகச் சொன்னாள். இவர் விடவில்லை. அவளுக்கும் பொறுமை போய்விட்டது.

“சாந்து சொமந்தது கூலிக்குங்க. அதுக்காவ உசுரக் கொண்டுபோயி அங்க வைக்க முடியுமா? உங்க ஊட்டம்மாவ இந்த வாசல்ல கூட்டியாருவீங்களா, சொல்லுங்க.”

அவர் ரோட்டின் அந்தக் கோடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: “அவளக் கூட்டியாரத்தான் கட்டினேன்.”

செல்லாயி என்னைப் பார்த்தாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். சுள்ளிக்கட்டைக் கீழே போட்டுவிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப வாசல்ல ஒரு புள்ளையார வைங்க சாமி. நான் வரேன்.”

தெருக்குத்துக்கு ஊரெல்லாம் செய்கிற பரிகாரம்தான். ஆனால் இவருக்கு அது தன் வாசலைத் தானே மறைப்பது. திங்கட்கிழமை காலையில் என் மேஜையில் ஒரு சின்ன பிளான் இருந்தது. கேட்டுக்கு வெளியே, ரோட்டின் நடுக்கோட்டில், ஒரு பிள்ளையார் மாடம். மேட்டிலிருந்து பார்த்தால் வாசல் பாதி மறையும், விளக்கு மட்டும் மறையாது; அந்த உயரத்துக்கு மாடத்தை இறக்கியிருந்தார். வேதக்காரன் பிள்ளையாருக்கு டிரேஸ் எடுத்தான் என்று ஆபீசில் வெகுநாள் கேலி செய்தார்கள்.

சொன்னபடி செல்லாயிதான் முதலில் வந்தாள், ஆண் குழந்தை. பிறகு வண்டி வண்டியாக வந்தார்கள். அரிசிப் பேச்சு அடங்கியது. ஊர் அதைப் பிள்ளையார் ஆஸ்பத்திரி என்றது. ஹேமசபேசன் மட்டும் ஞாயிற்றுக்கிழமையை விடவில்லை. பிரசவ வார்டுக்குள் ஆண்களை விடமாட்டார்கள். உள்ளே போய்ப் பார்க்க அவருக்கு யார் இருக்கிறார்கள்? மாடத்தின் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நிற்பார். அந்த நிலையில் அவரைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

1948இல் ஒருநாள் நானும் கூட நின்றிருந்தபோது, உள்ளேயிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். பிறந்தது அவள் அண்ணன் பிள்ளையாம். நேராக இவரிடம் வந்து நீட்டினாள்.

“பூசாரியாரே, புள்ளைக்குத் துன்னூறு பூசுங்க.”

இவர் யார் தெரியுமா என்று நான் வாயெடுத்தேன். ஹேமசபேசன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். செருப்பைக் கழற்றிவிட்டு, மாடத்துத் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் குழந்தையின் நெற்றியில் வைத்தார்.

“வண்டி வழி தெரிஞ்சு வந்துதாம்மா?” என்று கேட்டார்.

“வழி கேக்க என்னா இருக்குது? பொழுது சாஞ்சுதான் வந்தோம். மோட்டுல திரும்புனதும் வெளக்கு தெரிஞ்சுது, நேரா வந்துட்டோம்.”

அவள் போன பிறகு, விரலில் மிச்சமிருந்த திருநீற்றைத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டார்.