சோளத்தட்டைப் படப்புக்கு மேலே போன காற்றாலை இறக்கை

பங்குனி வெயிலில் பசுவந்தனைப் பக்கம் யாராவது ஊர் சுற்றப் போவார்களா என்று கேட்காதீர்கள். நான் போனது மாட்டுத் தீவனத்துக்கான சோளத்தட்டை வாங்க. கோவில்பட்டியில் எனக்குக் கால்நடைத் தீவனக் குடோன் இருக்கிறது. சைக்கிளில் புல்லுக்கட்டு விற்று ஆரம்பித்த வியாபாரம், இப்போது இரண்டு லாரியாக நிற்கிறது. இந்த வலைப்பூவை வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் லாரி வைத்திருப்பவர்கள், மீதிப் பேர் லாரி வாங்க ஆசைப்படுகிறவர்கள். அதனால்தான் தட்டை வாங்கப் போன இடத்தில் பார்த்த ஒரு வண்டியைப் பற்றி எழுதுகிறேன்.

தூத்துக்குடி செல்வத்தை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். துறைமுகத்திலிருந்து காற்றாலைச் சாமான்களை ஊருக்குள் கொண்டுவந்து சேர்க்கும் காண்டிராக்டர். முந்தின நாள் மத்தியானம் போன் செய்தார்.

"அண்ணாச்சி, பசுவந்தனைக்குத் தெக்க ஒரு முக்குல பெரிய படப்பு நிக்கி. நாளைக்குக் காலைல லாரியக் கொண்டாந்து பிரிச்சு ஏத்திட்டுப் போயிருங்க. விலையை நான் பேசித் தாரேன்."

"வித்துட்டாவளா?"

"இன்னும் இல்ல. வித்துருவாவ."

விஷயம் இதுதான். காற்றாலையின் இறக்கை ஒன்று அந்த ஊர் வழியாகப் போக வேண்டும். ஒரே இறக்கை, அறுபது மீட்டருக்கு மேல் நீளம். பாதையை அளந்தவர்கள் புரட்டாசியில் வந்து அளந்திருக்கிறார்கள். அப்போது ரோடு திரும்பும் அந்த முக்கு வெறும் நிலம். தை, மாசியில் அறுப்பு முடிந்து தட்டையை அடுக்கிப் படப்புப் போடுவார்கள் என்பது வெளியூர் ஆட்களுக்குத் தெரியவில்லை. கூடப் போன உள்ளூர்க்காரர்களும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றியிருக்காது. வருடா வருடம் அங்கேதானே போடுகிறார்கள், அதில் சொல்ல என்ன இருக்கிறது? இப்போது புது வண்டி ஒன்றை அந்த முக்கில் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள், முடியாவிட்டால் படப்பைப் பிரித்தாக வேண்டும்.

விடியுமுன் கிளம்பினோம். டிரைவர் கருப்பசாமியும் நானும் முன்னால். பின்னால் வெறும் லாரி, கட்டுக்கயிறு இரண்டு சுருள். கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். நல்ல ரோடு, முக்கால் மணி நேரம் தாராளம். கரிசலில் விடியும்போது வானம்தான் முதலில் வெளுக்கும், தரை கடைசியில்தான் வெளுக்கும். அதுவரை ரோடு மட்டும் இருட்டுக்கு நடுவில் தனியாக மிதக்கிற மாதிரி இருக்கும். தூரத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தன. பாதித் தூக்கத்தில் போகிற மாதிரியே போய்ச் சேர்ந்தோம்.

பசுவந்தனையில் ஒரு டீ குடித்துவிட்டுத் தெற்கே திரும்பினால் கொஞ்ச தூரத்தில் அந்த ஊர். ஊருக்கு வெளியே ரோட்டோரம் வெள்ளையாக ஒன்று படுத்திருந்தது. நான் முதலில் ஏதோ கட்டடம் என்று நினைத்தேன். லாரி போகப் போக அது முடியவே இல்லை. கருப்பசாமி வேகத்தைக் குறைத்து, "அண்ணாச்சி, இது வண்டியா, ஊரா?" என்றான்.

வண்டிதான். முன்னால் ஒரு இழுவை லாரி, பின்னால் அடுக்கடுக்காக அச்சு வைத்த டிரெய்லர். டயர்களை எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். அங்கே சோதனைப் பொறுப்பில் இருந்த இன்ஜினியர் தேவகி, சேலத்துப் பெண். முப்பது வயது இருக்கலாம். முன்னமே வந்திருந்த செல்வம் என்னை வியாபாரி என்று அறிமுகப்படுத்தியதும், "என்ன வாங்க வந்திருக்கீங்க?" என்று கேட்டார். "நீங்க தோத்தா, தட்டை" என்றேன். சிரித்துவிட்டு வண்டியைச் சுற்றிக் காட்டினார்.

லாரிக்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பழைய முறையில் இறக்கையைப் படுக்க வைத்துத்தான் கொண்டுபோவார்கள். முக்கு வந்தால் மரம், வேலி, சுவர் எல்லாம் போகும். இந்த வண்டியில் இறக்கையின் அடிப்பக்கம் மட்டும் ஒரு இரும்புப் பிடியில் மாட்டியிருக்கிறது. திருப்பம் வந்தால் அந்தப் பிடி இறக்கையை அப்படியே வானத்தைப் பார்த்து நிமிர்த்திவிடும். நீளம் உயரமாக மாறிவிடும், வண்டி குட்டையாகிவிடும். கவிழாமல் இருக்க எதிர்ப்பக்கம் இரும்புப் பாளங்கள். காற்று அடித்தால் இறக்கையை அதன் அச்சிலேயே சுழற்றி, அகலப்பக்கம் காற்றுக்கு மாட்டாமல் விளிம்பைக் காட்டலாம். ஒவ்வொரு சக்கர அச்சுக்கும் தனி ஹைட்ராலிக். ஒரு பக்கம் மண் அமுங்கினால் அந்தப் பக்கத்து அச்சு நீண்டு மேடையை மட்டமாக வைக்கும். பின் அச்சுகளை ஒருவர் ரிமோட் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தபடியே திருப்புவார்.

"யார்டுல கான்கிரீட் பாளத்தைத் தொங்கவிட்டு, மேடையைச் சாய்ச்சு எல்லாம் சோதிச்சுட்டோம். நிஜ இறக்கையோட, இப்படி மண்ணுல, காத்துல இன்னைக்குத்தான் முதல் தடவை" என்றார் தேவகி. ரோட்டோரக் கரிசலில் என் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. அதன் மேல் இரும்புத் தகடுகளை விரித்திருந்தார்கள்.

முக்கில் இடப்பக்கம் படப்பு, வலப்பக்கம் ஊர்க் குடிதண்ணீர்த் தொட்டி. தொட்டியை நகர்த்த முடியாது. ஆகவே வண்டி படப்பை ஒட்டித்தான் திரும்ப வேண்டும்.

படப்பைப் பார்த்ததும் எனக்கு எச்சில் ஊறியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். தீவன வியாபாரிக்கு நல்ல தட்டை அப்படித்தான். காம்பு பச்சை மங்காத சோளத்தட்டை, கதிர் இருந்த முனையெல்லாம் உள்ளே, அடி வெளியே, ஒரு வீட்டு உயரத்துக்கு அடுக்கி, மேலே கூம்பாக முடித்து, மழை உள்ளே இறங்காதபடி வேய்ந்திருந்தது. உச்சியில் ஒரு கம்பு. கம்பின் மேல் சுண்ணாம்புப் புள்ளி வைத்த கரிச்சட்டி ஒன்று, கண்ணேறு படாமல் இருக்க.

உடையவள் பேச்சியம்மாள். ஆடு மேய்த்த குடும்பம், இப்போது கொஞ்சம் நிலமும் உண்டு. புருஷன் வயல்களில் உரத்துக்காகக் கிடை போட ஆடுகளோடு புதூர்ப் பக்கம் போயிருக்கிறார். வீட்டில் இரண்டு எருமை, ஒரு சோடி மாடு. அடுத்த அறுப்பு வரைக்கும் அவற்றுக்கு இந்தப் படப்புதான். இது போனால் மாடுகளை விற்றாக வேண்டும். என் லாரியைப் பார்த்ததும் நேராக வந்துவிட்டாள்.

"வாங்க அண்ணாச்சி. கயிறெல்லாம் பலமா இருக்கே. யாரைக் கட்டித் தூக்கிட்டுப் போகப் போறீய?"

"இல்ல தாயி, நல்ல தட்டைன்னு சொன்னாவ, பாத்துட்டுப் போலாம்னு..."

"பிரிச்சாத்தான அது தட்டை? பிரிக்காத வரைக்கும் படப்பு."

"அவிய நல்ல துட்டுத் தாராவளே."

"தருவாவ. எருமை நோட்டைத் திங்குமா? வைகாசில உங்க குடோன் வாசல்லதான வந்து நிக்கணும். அன்னைக்கு என்ன விலை சொல்லுவிய? இப்பச் சொல்லுங்க, கேப்போம்."

நான் தொட்டியைப் பார்த்தேன். வைகாசியில் நான் என்ன விலை சொல்வேன் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருந்தது.

செல்வம் சமாதானமாக, "வண்டி போயிருச்சுன்னா உங்க படப்பை யாரும் தொடப் போறதில்ல. போகலன்னாத்தான் அண்ணாச்சி ஏத்திட்டுப் போவாவ" என்றார். ஆகக் கூடி எனக்கு நல்லது நடக்க வேண்டுமானால் தேவகியின் வண்டி தோற்க வேண்டும். வியாபாரத்தில் இது புதிதில்லை. லாரி நிழலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வெயில் ஏறுமுன் இறக்கையை நிமிர்த்தினார்கள். மோட்டார் சத்தம் பெரிதாக இல்லை. முனை முதலில் தரையை விட்டுப் பிரிந்தது. பிறகு எழுந்துகொண்டே இருந்தது. ஊரே அண்ணாந்தது. பனைமரத்தைத் தாண்டி, தொட்டியைத் தாண்டி, அதற்கு மேல் அளவு சொல்ல எதுவும் இல்லாத வெறும் வானத்துக்குள் போய் நின்றது. வெள்ளை வானத்தில் வெள்ளை இறக்கை. கொஞ்ச நேரம் பார்த்தால் அது நிற்கிறது, நாம்தான் சாய்கிறோம் என்று தோன்றும். நான் ஒரு கையால் லாரி டயரைப் பிடித்துக்கொண்டேன்.

அளவு கருவியை வைத்துப் பார்த்துவிட்டுத் தேவகி உதட்டைக் கடித்தார். இறக்கையின் அகலமான அடிவயிறு படப்புக்கு மேலாகத் தாண்டிவிடும். ஆனால் சட்டியில் தட்டும், நாலு விரல் அளவுக்கு.

"இன்னும் கொஞ்சம் நிமித்தலாமே?" என்றேன்.

"நிமித்தினா முனை இன்னும் மேல போகும். அங்க காத்து அதிகம். இன்னைக்கு இதுதான் எல்லை."

செல்வம் பேச்சியம்மாளிடம் போனார். "தாயி, அந்தச் சட்டியை மட்டும் எறக்கிருங்க. வேலை முடிஞ்சிரும்."

"எதை? கண்ணேறுச் சட்டியையா?" அவள் கூட்டத்தைச் சுற்றிக் கை வீசினாள். "ஊரு பூராவும் வேலைவெட்டிக்குப் போகாம என் படப்பையே பாத்துக்கிட்டு நிக்கி. பக்கத்து ஊர்க்காரவிய வேன் பிடிச்சு வந்திருக்காவ. ஒரு வருசத்துக் கண்ணும் இன்னைக்கு ஒரே நாள்ல படுது. இன்னைக்குப் போயா சட்டியை எடுக்கச் சொல்லுதிய?"

கூட்டம் சிரித்தது. "பேச்சியக்கா, வேணும்னா ரெண்டு சட்டியா வையி!" என்று யாரோ கத்தினார்கள்.

"வைப்பேன்லே, ஒன் தலையில ஒண்ணு!"

அது மட்டுமில்லை. சட்டியை எடுக்க ஆள் ஏற வேண்டும். ஏறினால் வேய்ந்த உச்சி கலையும். கலைந்த படப்புக்குள் முதல் மழையிலேயே தண்ணீர் இறங்கி அடிவரை அழுகிவிடும். இதை அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். செல்வம் என் பக்கம் திரும்பி, விலை பேசலாமா என்று கண்ணாலேயே கேட்டார். நான் எழுந்து வேட்டியைத் தட்டினேன். கருப்பசாமி கயிற்றை அவிழ்க்கப் போனான்.

தேவகி மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து டிரெய்லரின் அச்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கோணத்தைத் தொடவேண்டாம். அச்சை எல்லாம் முழுசா ஏத்துவோம்" என்றார். மேடை மொத்தமாக ஒரு சாண் உயரும். முனையும் அந்த ஒரு சாண்தான் கூடும். ஆனால் அச்சை முழுசாக ஏற்றிவிட்டால், மண் அமுங்கும்போது நீண்டு கொடுக்க அச்சில் மிச்சம் இருக்காது. தகடுகள் தாங்க வேண்டும், காற்றும் பொறுக்க வேண்டும். "அதைச் சோதிக்கத்தானே வந்திருக்கோம்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். இரண்டாவது அடுக்குத் தகடு போட்டார்கள். எனக்கு அந்தக் கணக்கு பிடித்தது. ஓர் இடத்தில் செலவு கூடும் என்றால் வேறு இடத்தில் பிடிப்பதுதான் என் தொழிலும்.

பிறகு காத்திருந்தோம். காற்றுமானி நொடிக்கு எட்டு மீட்டரைத் தாண்டினால் நகரக் கூடாது. அது ஏழு, ஒன்பது, ஏழு என்று ஆடிக்கொண்டிருந்தது. கடல்காற்று கிளம்பிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். உழுது காய்ந்த நிலத்தில் கானல் ஓடியது. ஆடுகள் அதற்குள் முழங்கால் தெரியாமல் நடந்தன. காற்றுக்காகவே செய்த ஒரு பொருள், காற்று நிற்கட்டும் என்று தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

ஆறு. ஐந்து. தேவகி கையை உயர்த்தினார்.

வண்டி நகர்ந்தது என்று சொல்ல மாட்டேன். நிழல்தான் நகர்ந்தது. நீளமான நிழல் தொட்டியின் மேல் ஏறி, ரோட்டைக் கடந்து, படப்பின் மேல் சாய்ந்தது. ரிமோட்காரர் மாப்பிள்ளை அழைப்பில் வருகிறவர் போல் அடி வைத்து நடந்தார். இடப்பக்கத் தகடு ஒன்று கரிசலுக்குள் மெல்ல அமுங்கியது. மேலடுக்குத் தகடு தாங்கிப் பிடித்தது. மேடை சாயவில்லை. வெள்ளை வயிறு படப்புக்கு மேலே வந்து, சட்டியைத் தடவுவது போல நெருங்கி, தடவாமல், ஓர் உள்ளங்கை இடைவெளியில் போய்க்கொண்டே இருந்தது. ஒரு தட்டைத் தோகை மட்டும் உருவி எழுந்து, நிழலுக்குள் சுற்றிச் சுற்றி, என் தோளில் வந்து விழுந்தது.

போய்விட்டது. சட்டி அப்படியே இருந்தது.

கூட்டம் கத்தியது. தேவகி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மோர்ச் செம்பைக் கொடுத்துவிட்டுப் பேச்சியம்மாள் என்னிடம் வந்தாள். என் தோளிலிருந்த தோகையை எடுத்துக்கொண்டாள். அதைக்கூட விடவில்லை.

"பாத்தியளா தாயி, வண்டியோட கண்ணு படாம சட்டி காப்பாத்திட்டு" என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"வண்டியோட கண்ணா? அது பாவம், ஒதுங்கிப் போகத்தான பாத்துச்சு. வந்ததிலேருந்து படப்பு மேல வச்ச கண்ணை எடுக்காதது நீங்க ஒரு ஆளுதான் அண்ணாச்சி."

கருப்பசாமி சிரிப்பை அடக்க லாரிக்குப் பின்னால் போய்விட்டான். வெறும் லாரியோடு திரும்பினோம். டீசல் நஷ்டம். வழியெல்லாம் அந்த நிழல் கண்ணுக்குள் நகர்ந்துகொண்டே இருந்தது. கருப்பசாமி இரண்டு தடவை ஹாரன் அடித்து என்னை எழுப்பினான். நான் தூங்கவில்லை என்று சொன்னேன்.

போக நினைப்பவர்களுக்கு: இறக்கைகள் ஆனி, ஆடிக் காற்றுக்கு முன்பே வந்து சேர வேண்டும். ஆகவே மாசி, பங்குனியில்தான் வண்டிகளைப் பார்க்கலாம். கோவில்பட்டியிலிருந்து காலையிலேயே கிளம்புங்கள், வெயில் ஏறினால் நிழல் கிடையாது. தண்ணீர் கொண்டுபோங்கள். நிமிர்ந்த இறக்கைக்குக் கீழே நிற்காதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும் விடமாட்டார்கள். லாரி வைத்திருப்பவர்கள் அந்த அச்சுகளை மட்டும் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். நம் தொழில் எங்கே போகிறது என்று தெரியும்.

கயிறு மட்டும் எடுத்துப் போக வேண்டாம். நான் என்னுடையதைக் குடோனில் இறக்கி வைத்தேன். வைகாசிக்கான தட்டை விலையை எழுதிப் போட்டிருந்த பலகையையும் அன்று சாயங்காலம் இறக்கினேன். இன்னும் புதிதாக எழுதவில்லை. எழுதப் போனால் படப்பு உச்சியிலிருந்த அந்தச் சட்டி கண்ணுக்குள் நின்று என்னைப் பார்க்கிறது.