கயிற்றின் மேல்முனையில் நான்

என் தங்கையின் புருஷனை எனக்குப் பிடிக்காது. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அவர் கடலைப் பார்த்திருந்தார், நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான். வயிற்றெரிச்சலுக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

எழுபதுகளின் கடைசியில் என்னிடம் ஒரு கம்ப்ரஷர் வண்டி இருந்தது. சித்தூரிலிருந்து நகரி, பாலசமுத்திரம் வரைக்கும் கிணறு வெட்டுகிறவர்களுக்குப் பாறையில் துளை போட்டுக் கொடுப்பேன். தங்கை புருஷன் அந்தமானில் படகு வேலை பார்த்துவிட்டு, கல்யாணத்துக்காக ஊர் திரும்பியவர். திரும்பிப் போகவில்லை. என்னோடு வேலைக்கு வந்தார்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அந்தத் தீவு வந்துவிடும். மீன் ஆராய்ச்சி செய்கிற சிலர் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவார்களாம். ஒருநாள் இவருக்கும் ஒன்றைக் கட்டிக் கூட்டிப் போனார்களாம். எரிமலை கக்கி உறைந்த கறுப்புப் பாறைகள் தண்ணீருக்கடியில் தெருத் தெருவாக நிற்குமாம். "தீஞ்சிபோன ஆப்பம் மாதிரி ஓட்ட ஓட்டையா இருக்கும் மச்சான். ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு மீனு எட்டிப் பாக்கும்" என்பார். என் அம்மா பரிமாறுவதை மறந்து கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைப் பெரியவர்கள்கூட அவரைச் சுற்றி நின்று கேட்டார்கள். பன்னிரண்டு வருஷமாகக் கறுப்புப் பாறையைக் குடைந்து குடைந்து என் நெஞ்செல்லாம் தூசி. அதைச் சும்மா பார்த்துவிட்டு வந்தவருக்கு என் வீட்டில் மீன் தலை.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் பாலசமுத்திரம் பக்கம் ஒரு கறுப்புக்கல் குவாரி நிரம்பிவிட்டது. தண்ணீர் இறைக்கிற பெரிய மோட்டார் முப்பதடி ஆழத்தில் போய்விட்டது. குவாரியின் நடுவே வெட்டாமல் விட்ட பாறைத் திட்டு ஒன்று நீருக்கு மேலே தெரியும். தீவு என்ற அர்த்தத்தில் கூலியாட்கள் தெலுங்கில் அதை லங்கா என்பார்கள். மோட்டார் அந்த லங்காவின் அடியில் கிடந்தது. யாராவது முங்கிப் போய்ச் சங்கிலி மாட்டினால் இழுத்துவிடலாம் என்றார் குவாரிக்காரர்.

"எங்க மாப்ளதான் இருக்காரே. கடல்ல முங்கினவரு" என்று நான்தான் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். மறுநாள் வண்டியில் போகும்போது மெதுவாகச் சொன்னார்: "மச்சான், அன்னிக்கி ஒருத்தர் என் கைய விடாம புடிச்சிக்கினே வந்தாரு. நான் தனியா எறங்கினதே இல்ல."

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. வண்டியைத் திருப்பியிருக்கலாம். "இன்னிக்கி நான் கயித்த புடிச்சிக்கினு இருக்கேன். பயப்படாத மாப்ளே" என்றேன்.

சிலிண்டருக்கு எங்கே போவது? துளை போடும் கம்ப்ரஷரின் காற்றைக் குறைத்து, ஒரு ரப்பர் குழாயில் விட்டு, குழாயின் முனையை அவர் பல்லில் கடித்துக்கொள்ள ஏற்பாடு செய்தோம். மூக்கைத் துணியால் கட்டினோம். காற்றில் எண்ணெய் வாடை அடித்தது. முதல் இழுப்பிலேயே அவருக்குக் குமட்டியது. அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டினேன்.

கயிற்றுக்கு எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சின் இரைச்சலில் கத்தினால் எதுவும் கேட்காது என்பதால், கீழே இருக்கிறவன் கயிற்றை ஒருமுறை இழுத்தால் நலம், இரண்டுமுறை இழுத்தால் தூக்கு. மேலே இருக்கிறவன் யோசிக்கக் கூடாது, தூக்க வேண்டும். என் வண்டியில் வேலை செய்த எவனும் இதைத் தவறவிட்டதில்லை.

இறங்கினார். கொஞ்ச நேரத்தில் கயிறு ஒருமுறை ஆடியது. நலம். சங்கிலி அசைந்தது. வேலை நடக்கிறது. பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. அதன்பின் இரண்டு இழுப்பு வந்தது.

நான் தூக்கவில்லை.

மறந்துவிட்டேன் என்று இத்தனை வருஷத்தில் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். மறக்கவில்லை. கொஞ்சம் கெஞ்சட்டும் என்று நினைத்தேன். அடுத்த வேளை சோற்றில் தீவுக் கதை இருக்காது, அதுபோதும் என்று நினைத்தேன். மறுபடி இரண்டு. நான் சிரித்தேன். மூன்றாம் தடவை கயிறு உள்ளங்கையைக் கிழிப்பதுபோல் வெட்டி வெட்டி இழுத்தது. வண்டி டிரைவர் எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான், அவன் பார்க்கவில்லை. நாலாவது இழுப்பு, குழந்தை புடவையைப் பிடித்து இழுப்பதுபோல் லேசாக இருந்தது. அப்போதுதான் பைத்தியம் பிடித்தவன்போல் இழுத்தேன்.

குழாய் வாயில் இல்லை. முகம் நீலம். இரண்டு காதிலும் ரத்தம். கவிழ்த்துப்போட்டு முதுகில் குத்தியபோது தண்ணீரைக் கக்கி மூச்சு விட்டார். சங்கிலியைச் சரியாகத்தான் மாட்டியிருந்தார். மோட்டார் அன்று சாயங்காலமே மேலே வந்துவிட்டது. குவாரிக்காரர் எனக்கு அடுத்த வேலையும் கொடுத்தார்.

வேலூருக்குக் கொண்டுபோனோம். உயிர் பிழைத்தது, காது போய்விட்டது. கண் விழித்ததும் என்னைப் பார்த்து, வார்டே திரும்பும்படி கத்தினார்: "கயிறு பாறையில மாட்டிக்கிச்சா மச்சான்?"

எனக்காகப் பொய்யையும் அவரே தயார் செய்து கொடுத்தார். நான் தலையாட்டினேன்.

ஆபத்திலிருந்து தப்பினவர்கள் ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்வது எங்கள் சபை வழக்கம். நல்ல வேட்டி கட்டிக்கொண்டு அவரும் எழுந்து நின்றார். தன் குரல் தனக்கே கேட்காததால் கூரை அதிரப் பேசினார். நாலு தடவை கயிற்றை இழுத்தாராம். பாவம், அது பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டு மேலே எட்டவில்லையாம். ஆனாலும் கர்த்தர் என் மனசில் பேசினாராம், நானாகவே தூக்கிவிட்டேனாம். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்து அல்லேலூயா என்றார்கள். போதகர் என் பெயரைச் சொல்லி ஜெபித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

வெளியே வந்ததும் ஆண்கள் அவர் கையைக் குலுக்கினார்கள். தங்கை என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கயிறு மாட்டிக்கினு இருந்திச்சின்னா, நீ தூக்கறப்ப மட்டும் எப்படிண்ணா வந்திச்சி?"

நான் குனிந்து செருப்பைத் தேடினேன்.

"நாலு தடவன்னு சொன்னாரே. நாலும் உன் கைக்கி வந்திச்சா?"

"வந்திச்சி."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் குரலை உயர்த்தக்கூட இல்லை. "அவராண்ட சொல்லிடாத. செவுட்டு மனுசனுக்கு வேற எவன் வேல குடுப்பான்? உன்ன நம்பிக்கினுதான் நாளைக்கி வண்டி ஏறப் போறாரு. நம்பட்டும். நீ சாவற வரைக்கும் அவரு உனக்கு நன்றி சொல்லிக்கினே இருக்கட்டும், நீ கேட்டுக்கினே கெட."

அதற்குள் அவர் வந்துவிட்டார். என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தெருவே நின்று பார்க்கும்படி, "தோத்திரம் மச்சான்!" என்றார்.

தங்கை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் தோத்திரம் சொன்னேன்.