ஓப்ரைமன் பண்ணிய சனிக்கிழமை

அப்பா ஹாலந்தில் வேலை பார்த்த இரண்டு வருஷத்தில் எங்கள் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்ட டச்சு வார்த்தை ஒன்றே ஒன்று: ஓப்ரைமன். பள்ளியில் விளையாட்டு முடிந்ததும் டீச்சர் கைதட்டி அதைப் பாடுவார். உடனே பொம்மை பொம்மைப் பெட்டிக்கு, கத்தரிக்கோல் அதன் டப்பாவுக்கு. எல்லாம் அதனதன் இடத்துக்குப் போனால்தான் நாங்கள் வீட்டுக்குப் போகலாம். "நம்ம ஊர்ல ஏறக்கட்டுன்னு சொல்றதுதான், பெரிய அதிசயம்!" என்பாள் அம்மா. ஆனாலும் டெக்சாஸுக்கு, இர்விங்குக்கு வந்த பிறகும் அந்த வார்த்தையைச் சொல்லித்தான் என்னை வேலை வாங்கினாள்.

2009-ல் அப்பாவின் ப்ராஜெக்ட் முடிந்தது. அடுத்தது கிடைக்கவில்லை. ஊருக்கே திரும்புவது என்று முடிவாகி, மூவிங் சேல் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் மெயில் போனது. நியூ ஜெர்சியிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த ஒரு அங்கிளும் ஆன்ட்டியும் சோபாவைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அந்தச் சனிக்கிழமை ஹால் முழுக்கச் சூட்கேஸ்கள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. அப்பா அவர்களுக்கு வழிகாட்டக் கீழே போய்விட்டார். "அவங்க வர்றதுக்குள்ள ஓப்ரைமன் பண்ணுடி கண்ணு" என்று சொல்லிவிட்டு அம்மா குளிக்கப் போனாள்.

எனக்கு ஏழு வயது. அரைகுறையாக வேலை செய்கிற பழக்கமெல்லாம் அப்போது கிடையாது. புடவைகளை அலமாரியில் அடுக்கினேன். குக்கரை, நாங்கள் பாத்திரம் போட்டு வைக்க மட்டுமே பயன்படுத்திய ஓவனுக்குள் வைத்தேன். சாமி படங்களைப் பழைய இடத்தில் நிறுத்தினேன். காலி சூட்கேஸ்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

அம்மா வெளியே வந்து பார்த்தாள். நாலு நாள் பேக்கிங் போச்சு! "அடிப்பாவி" என்றாள். கத்தப்போகிறாள் என்று பார்த்தால், தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சரியாக அந்த நேரம் பார்த்து அப்பா அவர்களோடு உள்ளே நுழைந்தார்.

விஷயத்தைக் கேட்ட ஆன்ட்டி அம்மா பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். "குழந்தைக்குப் போக இஷ்டமில்ல போலிருக்கு" என்று சிரித்தார். அங்கிள் சோபாவை அழுத்திப் பார்த்தார், காபி குடித்தார், பிறகு அப்பாவிடம் சொன்னார்: "ரெஸ்யூமே குடுங்க. எங்க டீம்ல ஆள் தேவைப்படுது, கேட்டுப் பாக்கறேன். அதுவரைக்கும் எதையும் வித்துடாதீங்க, சோபா உட்பட."

வேலை கிடைத்தது. நான் சாமான்களை அதனதன் இடத்தில் வைத்ததால்தான் நாங்கள் தங்கினோம் என்று பள்ளி முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு மாதம் கழித்து அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். ஹாலில் ஒரு நாற்காலிகூட இல்லை. தரையில் போர்வை விரித்து உட்காரவைத்தார்கள். "அய்யே, இவங்க வீட்ல சோபாவே இல்ல!" என்றேன் சத்தமாக. அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். எதற்குக் கிள்ளினாள் என்று எனக்குப் புரியவே இல்லை. உள்ளதைத்தானே சொன்னேன்!